பதினோரு மணி வெயில்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஒன்பதாம் வகுப்பில் தமிழ்ப் பரீட்சையைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்து வந்தவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு ஆளைப் பற்றி நாலு பக்கம் எழுத வேண்டுமென்றால் அந்த ஆளையாவது அவனுக்குப் பிடித்திருக்க வேண்டும். எனக்கு இவரைப் பிடிக்காது. ஆனால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஒரு நாளைக்கு நாலு தடவை "அவரு சொன்னாரு" என்று ஒரு பேச்சு ஆரம்பமாகிறது. சொல்வது என் அம்மா, கேட்பது தெருவே. கம்பெனியை விட்டுப் போய் மூன்று வருஷமான மனுஷர் இன்னும் என் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் எப்படி? எழுதியாவது வெளியே அனுப்பலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நானும் அம்மாவும் திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். நான் இரண்டாவது மாடியில் ஓவர்லாக் டெய்லர். அம்மா முதல் மாடியில் செக்கிங். தைத்து வருகிற பனியனை மேஜையில் விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்து ஒதுக்க வேண்டும். காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டு வரை நின்றபடியே பார்க்கிற வேலை. அப்பா இல்லாத வீடு. அம்மா நிற்பதும் நான் தைப்பதும்தான் எங்கள் குடும்பம்.

அவர் அதே கம்பெனியில் துணியின் நிறம் பார்க்கிறவர். சாயப்பட்டறையிலிருந்து வருகிற ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு வெட்டி, வெளிநாட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்ட நிறத்தோடு வைத்துப் பார்ப்பார். ஒப்புக்கொண்டது ஒரே நிறம் அல்ல. கொஞ்சம் வெளுத்ததில் ஆரம்பித்துக் கொஞ்சம் அழுத்தமானது வரை ஐந்தாறு துண்டுகளை ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டியிருப்பார்கள். ஷேடு பேண்டு என்று பெயர். அந்த வரிசைக்குள் அடங்கினால் துணி பாஸ். அடங்காவிட்டால் திரும்பப் பட்டறைக்கு. அதனால் எங்களுக்கு அவர் ஷேடுக்காரர். நாற்பது வயதிருக்கும். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்து ஊர்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு குணம், அளவு. கேண்டீனில் டீ ஊற்றும்போது டம்ளர் முக்கால் நிறைந்ததும் கையைக் குறுக்கே நீட்டி "போதும்" என்பார். வடை ஒன்று, அதோடு போதும். ஒருமுறை மேனேஜர் அவரைப் பிடித்துக் கத்தினார். நின்று கேட்டுக்கொண்டே இருந்தவர், கொஞ்ச நேரம் கழித்து, "போதும் சார்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். மேனேஜருக்கும் போதும் போலத்தான் இருந்தது, பேசாமல் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பிடித்து நிறுத்தத்தான் ஆள் வைக்க வேண்டும். பேச ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

வெயிலிலும் அவருக்கு அதே அளவுதான். பதினோரு மணி டீ பிரேக் கால் மணி நேரம். ஆபீஸில் நிறம் பார்க்கவென்றே விளக்கு வைத்த பெட்டி இருக்கிறது. இருந்தாலும் அவர் துண்டுகளை அள்ளிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவார். படிக்கட்டு அறையின் வடக்கு நிழலில் நின்று நிறத்தைப் பார்த்து முடிப்பார். அதற்குப் பிறகுதான் கூத்து. முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டி, பேண்ட்டை முட்டி வரை ஏற்றி, வெள்ளைத் துண்டால் தலை, முகம், கழுத்து மூன்றையும் மூடிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் கொக்கு மாதிரி நிற்பார். கடிகாரத்தைப் பார்த்துத் தனக்குத்தானே "போதும்" என்று சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் இறக்கிவிட்டுக் கீழே வந்துவிடுவார்.

முதல் தடவை பார்த்தபோது விடுவேனா?

"ஏனுங்ண்ணா, துணிய உட்டுப்போட்டு உங்களையே காயப் போட்டுட்டீங்க?"

"எலும்புக்குத் தம்பி."

"அப்ப மூஞ்சிய எதுக்குங்க மூடறீங்க? மூஞ்சில எலும்பு இல்லீங்களா?"

அவர் சிரித்தார். "எங்கப்பா ஆயுசு பூரா உப்பளத்துல நின்னவரு. மேலயும் வெயிலு, கீழ உப்புலயும் வெயிலு. மூக்கு மேல ஒரு புண்ணு வந்து ஆறவே இல்ல. அத வெட்டி எடுக்கையில நாந்தான் கூட நின்னேன். எலும்புக்குக் கையும் காலும் காட்டுனா பத்தாதா? மூஞ்சி எதுக்கு?"

வாயை மூடிக்கொண்டு இறங்கினேன். எனக்கு அது பழக்கமில்லாத காரியம்.

எங்கள் ஊரில் வெயிலை யாரும் மேலே பட விடுவதில்லை. ஸ்கூட்டியில் போகிற பெண்களைப் பாருங்கள். முகத்தைச் சுற்றித் துப்பட்டா, காலில் சாக்ஸ், கையில் கட்டிங்கில் மிச்சமான பனியன் துணியில் தைத்த நீள உறை. கருத்துவிடக் கூடாது. அம்மாவுக்குத் தோள் வரை வருகிற மாதிரி நாலு ஜோடி நானே தைத்துக் கொடுத்திருந்தேன். கம்பெனிக்குள் வந்துவிட்டால் டியூப் லைட்தான் சூரியன். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து, சமைத்து, தூங்கினால் பொழுது போயிற்று.

ஒரு நாள் காலையில் படியேறிக்கொண்டிருந்தோம். நான் முன்னால். அம்மா பின்னால். அம்மாவுக்கும் பின்னால் அவர்.

"யக்கா, படி ஏறையில தொடையில கைய ஊணுதீங்களே, எத்தன நாளா?"

"அது ஆச்சுங்க தம்பி, ரெண்டு வருசம். வயசாகுதில்லீங்களா?"

"ஒக்காந்து எந்திரிக்கையில?"

"எதையாச்சும் புடிச்சாத்தானுங்க எந்திரிக்க முடியுது."

"இது வயசு இல்லக்கா. ஆஸ்பத்திரில ரத்தம் குடுத்துப் பாருங்க. வெயிலே படாம கெடந்தா எலும்பு நோவும், சதையும் சோந்து போவும்."

"வெயிலுக்கு என்னங்க கொறச்சல்? தெனமும் கம்பெனி வேன்ல சன்னலோரம்தான் உக்காந்து வாரேன். மேலெல்லாம் சுடுதே."

"கண்ணாடி வழியா வாரது வெறும் சூடுக்கா. எலும்புக்கு வேணுங்கது கண்ணாடியத் தாண்டாது."

நான் படியில் நின்று திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் வலது கை தொடையில் அழுந்தியிருந்தது. இரண்டு வருஷமாகத் தினமும் அதே படியில் "வெரசா வாம்மா" என்று கத்திக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவிப் போகிறவன் நான். அந்தக் கையை ஒரு நாளும் பார்த்ததில்லை. நிறம் பார்க்கிற ஆள் ஒரே காலையில் பார்த்துவிட்டார். என் வயிறு எரிய ஆரம்பித்தது அந்தப் படியில்தான்.

ஏனென்றால் வலிக்கு ஆஸ்பத்திரி போகச் சொல்லி நானும்தான் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தைலம் வாங்கிக் கொடுத்தேன். கத்தினேன். அம்மா அசையவில்லை. செக்கிங் சூப்பர்வைசர் வேறு, "நிக்க முடியலைன்னா சொல்லுங்கக்கா, டேபிளுக்கு வேற ஆள் பாக்கணும்" என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார். அப்போதும் அசையவில்லை. இவர் சொன்ன அடுத்த வாரமே அம்மா லீவு போட்டுப் போய் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிட்டது. விட்டமின் டி ரொம்பக் குறைவு என்றார் டாக்டர். வாரம் ஒரு பொட்டலம் மருந்துப் பொடியைப் பாலில் கலக்கிக் குடிக்க வேண்டும், இரண்டு மாதம் கழித்து மறுபடி வர வேண்டும், வெயிலிலும் நிற்க வேண்டும்.

"நான் சொன்னப்ப ஏம்மா போகலை?" என்று கேட்டேன்.

"நீ வெளையாட்டுக்குச் சொல்றியா, நெசமாச் சொல்றியான்னு எனக்கு எப்படித் தெரியும் கண்ணு? நீ எல்லாத்தையும் ஒரே மாதிரிதான சொல்ற."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அம்மா அதையும் விளையாட்டு என்றுதான் நினைத்திருக்கும்.

அம்மா மாடிக்குப் போக ஆரம்பித்தது. அம்மாவைப் பார்த்து ஏழெட்டுப் பேர் போனார்கள். அதுவரை டீ பிரேக் என்றால் என்னைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். மேனேஜர் மாதிரி நடந்து காட்டுவேன், சூப்பர்வைசர் மாதிரி பேசிக் காட்டுவேன். இப்போது கேண்டீனில் நானும், அயர்னிங்கில் இருக்கிற என் கூட்டாளி காதரும், ஆறிப்போன டீயும் மட்டும். பொறுக்க முடியாமல் நானும் ஒரு நாள் மேலே போனேன்.

அவர் எல்லோருடைய கையையும் வரிசையாக நீட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளுத்த கை ஒரு ஓரம், கருத்த கை ஒரு ஓரம். அப்படியே ஷேடு பேண்டு! துணியை ஒதுக்குகிற பழக்கம், மனுஷர்களையும் வரிசையில் வைத்துவிட்டார். ஆனால் இதில் பாஸ், பெயில் கிடையாது. நிமிஷம்தான் கணக்கு.

"வெள்ளத் தோலு சீக்கிரம் வாங்கிக்கிடும், சீக்கிரம் வெந்தும் போவும். யக்கா, ஒங்களுக்குப் பத்து நிமிசம் போதும். தோலு செவக்க விடக்கூடாது. கருத்த தோலு மெதுவாத்தான் வாங்கும், கூட நிக்கணும். மொதல்ல நெழலப் பாருங்க. ஒங்க நெழலு ஒங்களவிடக் குட்டையா இருந்தா அந்த வெயிலு எலும்புக்குச் சேரும். நெட்டையா இருந்தா வெறும் வெளிச்சம்தான்." பிறகு என் கையைப் பிடித்து வரிசையின் கடைசியில் வைத்தார். "தம்பி கடேசி ஷேடு. அரைமணி நேரமாவது வேணும்."

"பிரேக்கே கால் மணி நேரந்தானுங்க!"

"அப்ப ஒனக்கு ரெண்டு பிரேக் கேட்டு வாங்கணும்."

மாடியே சிரித்தது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அம்மாவை அப்படிச் சிரிக்க வைக்க நான் எத்தனை வேஷம் போட்டிருக்கிறேன்! இவர் ஒரே வரியில், அதுவும் என்னை வைத்தே, சிரிக்க வைத்துவிட்டார்.

மாசி வந்து வெயில் ஏறியதும் கூட்டம் கலைந்தது. அவர் நிமிஷத்தைக் குறைத்தார், நிற்பதை விடவில்லை. அம்மாவும் விடவில்லை. கடைசியில் மாடியில் அவர்கள் இரண்டு பேர்தான். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அம்மா. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதுதான் என் வயிற்றெரிச்சல். வீட்டில் என்னோடு பேசுவதற்கு அம்மாவுக்கு இருந்தது "சோறு போடட்டுமா" ஒன்றுதான்.

அப்புறம் நான் செய்ததை நல்லபடியாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. கேண்டீனில் ஒரு நாள் மேஜைத் துணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். பேண்ட்டை முட்டி வரை ஏற்றினேன். ஆண் குரலில் கொஞ்சலாக, "போதுமாக்கா?" என்றேன். அப்புறம் வெட்கப்பட்டுக்கொண்டு, பெண் குரலில், "இன்னும் ரெண்டே நிமிசமுங்க தம்பி" என்றேன். கேண்டீன் அதிர்ந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் கூட்டம் என்னிடம் திரும்பி வந்திருந்தது. நிறுத்த மனசு வரவில்லை. இரண்டாவது தடவையும் செய்தேன், மூன்றாவது தடவையும்.

மறுநாள் அம்மா மாடியிலிருந்து இறங்கும்போது கட்டிங்கில் யாரோ கொஞ்சலாக "போதுமாக்கா?" என்றார்கள். பின்னாலேயே ஒரு விசில். சாயங்காலம் வேனில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் சொன்னது:

"அந்தக் கொரல் உன்னோடதுதான். ஊட்டுலயும் நீ என்னைய அப்படித்தான் பேசிக் காட்டுவ."

அவ்வளவுதான். திட்டவில்லை. மறுநாளிலிருந்து மாடிக்குப் போகவில்லை. பொட்டலத்தையும் நிறுத்திவிட்டது. பாலைக் காய்ச்சிப் பொட்டலத்தோடு கொண்டுபோய் வைத்தேன். பாலை மட்டும் குடித்தது. அவர் பேச்சைக் கேட்டு ஆஸ்பத்திரி போனதில் ஆரம்பித்துத்தானே இந்தக் கேலியெல்லாம் வந்தது, அதனால் எல்லாவற்றையும் அறுத்துவிட்டது. மூன்று வாரம் கழித்து அம்மா செக்கிங் மேஜை ஓரத்தில் கால் மடங்கி, துணிக் கட்டின் மேலே சரிந்து உட்கார்ந்தது. எழுந்திருக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் என்னை மேல் மாடியிலிருந்து கீழே கூப்பிட்டு, "இந்த மாசம் பாக்கறேன் தம்பி. அப்புறம் என்னைய ஒண்ணும் சொல்லக் கூடாது" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் ஷேடுக்காரர் என் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன், கணக்கு நேராகியிருக்கும்.

"தம்பி, நாளையில இருந்து பதினோரு மணிக்கு நான் மாடிக்கு வரல. நெறத்தப் பொட்டிக்குள்ளயே பாத்துக்கிடுதேன். நீ போயி ஒங்கம்மாகூட நில்லு."

"அம்மா வரமாட்டீங்குதுங்களே."

"நீ போயி நில்லு. வருவாங்க."

"உங்களுக்கு எலும்புக்கு வேண்டாமுங்களா?" என்று கேட்டேன். கிண்டலாகக் கேட்க நினைத்தேன், வேறு மாதிரி வந்தது.

"ஞாயித்துக்கிழமை இருக்கு, போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த மனுஷர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த பொறாமை வேறு தினுசு. அதுவரை அம்மா அவர் பேச்சைக் கேட்கிறதே என்று எரிந்தேன். அன்றைக்கு, கோபத்தைக்கூட முக்கால் டம்ளரில் நிறுத்தத் தெரிகிறதே என்று எரிந்தேன்.

மறுநாள் போய் நின்றேன். அம்மா வரவில்லை. கட்டிங் பையன்கள் படிக்கட்டில் நின்று "போதுமாக்கா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்கள். நான் சொல்லிக் கொடுத்த குரல், ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார்கள். இரண்டாம் நாளும் நின்றேன். மூன்றாம் நாள் வீம்பு வந்துவிட்டது. பிரேக் முடிந்து மணி அடித்தும் இறங்கவில்லை. துண்டு இல்லை, சட்டையைக் கழற்றிவிட்டு, முகத்தை நேராகச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றேன். கடைசி ஷேடு, எனக்கு என்ன ஆகும் என்ற நினைப்பு. லைன் சூப்பர்வைசர் வந்து இழுத்துக்கொண்டு போகும் வரை நின்றேன். சாயங்காலம் மூக்கும் தோளும் காந்தின. ராத்திரி சட்டை போட முடியவில்லை. அம்மா பார்த்தது.

நாலாம் நாள் பதினோரு மணிக்கு, மூக்கில் தோல் உரிந்துகொண்டிருக்க, மறுபடி அதே மாதிரி முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஒரு ஈரத் துண்டு பறந்து வந்து என் தலையில் விழுந்தது.

"மூஞ்சிய மூடுடா எருமை! வெந்த தோலை மறுபடியும் கொண்டாந்து வெயில்ல காட்டறான் பாரு. அக்கட்டால நெழலுக்குப் போ!"

அம்மா. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றிருந்தது. இரண்டு மாடியை எப்படி ஏறி வந்தது என்று தெரியவில்லை. நான் நிழலுக்குப் போனேன். அம்மா வெயிலுக்கு வந்தது. கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, சேலைத் தலைப்பால் முகத்தை மூடி, தன் நிழலை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டது.

"அம்மா, நான் அன்னைக்குக் கேண்டீன்ல..."

"பேசாத. நிமிசத்த எண்ணு."

எண்ணினேன். பத்து ஆனதும், "போதும்மா" என்றேன். என் குரலில் அந்த வார்த்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கிண்டல் இல்லாமல் வந்தது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டு என்ன சொன்னது தெரியுமா? "அவரு கடிகாரத்தப் பாத்துச் சொல்லுவாரு. நீ குத்துமதிப்பாச் சொல்ற."

பொட்டலத்தைத் திரும்ப ஆரம்பித்தோம். பதினோரு மணிக்கு மாடியில் நானும் அம்மாவும். அந்த மாதத்துக்குச் சூப்பர்வைசரிடம் கெஞ்சி ஒரு ஸ்டூல் வாங்கினேன். அதற்கு அடுத்த மாதம் அம்மா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. இரண்டாவது ரத்தப் பரிசோதனையில் டாக்டர் தலையை ஆட்டிச் சிரித்தார். ஆடி மாதம் ஒரு காலையில் படியேறும்போது திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் இரண்டு கையிலும் டிபன் பை, தண்ணீர் பாட்டில். தொடையில் கை இல்லை. "என்னடா பாக்கற, நட" என்றது. சந்தோஷத்தில் ஓடிப்போய்ச் சொல்லத் தோன்றிய ஒரே ஆள் அவர்தான். அந்த நினைப்பு வந்ததற்காகவே என் மேல் எனக்குக் கோபம் வந்தது.

சொல்லவில்லை. ஆவணியில் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். இந்த ஊரில் அது பெரிய செய்தி இல்லை, ஆட்கள் மாறிக்கொண்டேதான் இருப்பார்கள். கடைசி நாள் சாயங்காலம் வேனுக்குப் பக்கத்தில் வந்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டார். அம்மா கண்ணைத் துடைத்தது. நான் வேனுக்கு அந்தப் பக்கம், டயருக்குக் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேன் என்னுடையது இல்லை, டயரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எந்நேரமும் திறந்தே கிடக்கிற என் வாயில், வர வேண்டிய ஒரே ஒரு வார்த்தை வரவில்லை. அவர் எந்தக் கம்பெனிக்குப் போனார், இப்போது எந்த மாடியில் நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

இதுவரை எழுதியதைப் படம் பிடித்துக் காதருக்கு அனுப்பினேன். தப்பு இருந்தால் சொல்லடா என்று கேட்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு வரி வந்தது:

"ஷேடுக்காரரு போன வாரங்கூட எனக்குப் போன் பண்ணுனாரு மாப்ள, உங்கம்மா கால் எப்படி இருக்குதுன்னு கேட்டாரு, உன்னையக் கேக்கவே இல்லை."